நம்ம நானா அப்படி இல்லை

கேள்வி: முஸ்லிம்களைப் பற்றி ஊடகங்கள் பரப்பும் தப்பெண்ணம், நேரில் பழகினால் போய்விடுமா?

போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இலங்கையில், கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழே நானா கடை. முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்போம். அரிசி, மா, பருப்பு எல்லாம் கொப்பியில் எழுதி வாங்கி, சம்பளத்தன்று கணக்குத் தீர்ப்போம். கொழுந்து குறைந்த மாதங்களில் மனிதர் பொறுத்துக்கொள்வார். (தியாகி எல்லாம் இல்லை. கடனுக்கு வாங்கினால் விலை கொஞ்சம் கூடத்தான்!) நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும், தீபாவளி முறுக்கு அங்கே போகும்.

2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கிளம்பியது. சோதித்ததில் அது வெறும் மாவுக்கட்டி. அதற்குள் கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கியிருந்தார்கள். அடுத்த வாரம், வேறொரு காரணத்தில் தொடங்கி, கண்டிப் பக்கம் திகன என்ற ஊரில் முஸ்லிம் கடைகள் எரிந்தன.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கு அடுத்த மாதம், ஒரு சிங்கள நாளிதழின் முதல் பக்கத்தில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் களவாகக் கருத்தடை செய்தார் என்று வந்தது. அதன் தமிழ் வடிவம் வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. குடும்பக் குரூப்பில் போட்டேன். ஆமாம், நானேதான்.

அம்மா படித்துவிட்டு, "நம்ம நானா அப்படிப்பட்ட ஆள் இல்லப்பா" என்றார். முப்பது வருடப் பழக்கம் ஒரே ஒருவரைத்தான் காப்பாற்றியது, மற்றவர்களைப் பற்றிய எண்ணம் அப்படியே இருந்தது. இதை நானாவிடமே சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க மகன். நாட்டுல நல்ல நானா நான் ஒருத்தன்தான் போல" என்று சிரித்தார்.

எனக்கு உறைத்தது. கொழும்பில் வேலை பார்த்தபோது, "உங்களைப் பார்த்தா தோட்டத்து ஆள் மாதிரியே இல்லையே" என்று என்னையும் பாராட்டியிருக்கிறார்கள். நானும் நன்றி சொல்லியிருக்கிறேன், வேறென்ன!

ஆகவே பழக்கம் மட்டும் போதாது. பரப்பிய பொய்யைப் பரப்பிய இடத்திலேயே திருத்தவும் வேண்டும். அந்த வைத்தியர் மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் துறையான சிஐடி 2019இலேயே சொல்லிவிட்டது. 2022இல் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை அவர் நாட்டுக்கு மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார். அந்தச் செய்தியை, மூன்று வருடம் பிந்தி, அதே குரூப்பில் போட்டேன்.

சித்தி மட்டும் பதில் போட்டார்: "இது யாருப்பா?"