ஸ்லிம்மிங் காபி குடித்தால் படபடப்பு ஏன்?

கேள்வி: வயது 34, உயரம் 158 செ.மீ. ஆன்லைனில் வாங்கிய மூலிகை ஸ்லிம்மிங் காபியைத் தினமும் ஒரு பாக்கெட் குடிக்கிறேன். 6 வாரத்தில் 79 கிலோவிலிருந்து 74-க்கு வந்துவிட்டேன். பசியே எடுப்பதில்லை. ஆனால் வாய் வறள்கிறது, இரவு 2 மணி வரை தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது. பிரஷர் 152/98. மனப்பதற்றத்துக்கு எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி. சாப்பிடுகிறேன். காபியை விட்டுவிட்டு, மலேசியாவில் இருக்கும் அக்காவிடம் சொல்லி ஃபென்டர்மின் என்ற பசியடக்கும் மாத்திரை வாங்கலாமா? - வாசகி, திருப்பூர்

பதில்: காபியை இன்றே நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. சில நாள் சோர்வும் அகோரப் பசியும் வரும், பயப்படாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சிபுட்ரமைன் என்ற பசியடக்கும் மருந்து செய்கிற வேலை போலவே இருக்கிறது. பாக்கெட்டைச் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் 'மூலிகை' என்று விற்கும் ஸ்லிம்மிங் பொருட்களில் அதிகம் பிடிபடும் மருந்து இது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனங்களான நார்அட்ரினலின், செரோடோனின் இரண்டும் நரம்பு முனைக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதை இது தடுக்கும். பசி அடங்குவது அதனால்தான். ரத்தக் குழாயை இறுக்கி, இதயத்தை வேகமாக அடிக்க வைப்பதும் அதே நார்அட்ரினலின்தான். பசியை மட்டும் அடக்கி இதயத்தை விட்டுவைக்கும் 'பாதுகாப்பான அளவு' கிடையாது.

இதய நோயோ சர்க்கரை நோயோ இருந்த சுமார் 10,000 பேரிடம் நடந்த ஸ்கவுட் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சிபுட்ரமைன் எடுத்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கும் வந்தன. 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை நின்றது. 2011 பிப்ரவரியில் இந்தியா தடை செய்தது. டாக்டர்கள் எழுதிய காலத்தில் ஒரு நாளைக்கு 10 முதல் 15 மி.கி. வரைதான். உங்கள் பாக்கெட்டில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று யார் சொல்வது?

உங்கள் விஷயத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது எஸ்சிட்டலோப்ராம். அதுவும் செரோடோனினைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் காய்ச்சல், கை நடுக்கம், தசை விறைப்பு, குழப்பம், வயிற்றுப்போக்கு வரலாம். இவற்றில் ஏதாவது தெரிந்தாலோ, நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் இருந்தாலோ உடனே 108. அதற்காக எஸ்சிட்டலோப்ராமைத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் காபி விஷயத்தைச் சொல்லுங்கள்.

இந்த வாரமே ஒரு பொதுநல மருத்துவரைப் பார்த்து ஈசிஜி, தைராய்டு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), பொட்டாசியம் பாருங்கள். இத்தகைய பொருட்களில் பேதி மருந்தும் கலந்திருப்பதுண்டு, பொட்டாசியம் குறைந்தால் துடிப்பு தாறுமாறாகும். பிரஷரைக் காலை, மாலை இருவேளையும் பாருங்கள்: 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. மூக்கடைப்புக்கு ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரை இப்போது வேண்டாம். அவையும் பிரஷரை ஏற்றும்.

ஃபென்டர்மின்? வேண்டாம். அதுவும் நார்அட்ரினலினைத் தூண்டுவதே, நரம்பைத் தூண்டும் போதைப்பொருளான ஆம்ஃபெட்டமைனுக்கு உறவுமுறை. அனுமதித்த நாடுகளிலும் மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்குத்தான். கட்டுக்கடங்காத பிரஷர், தைராய்டு மிகைச் சுரப்பு, கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), கர்ப்பம் இருந்தால் தொடவே கூடாது. இந்தியாவில் இது 1985-ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்பு) சட்டப் பட்டியலில் உள்ள பொருள். அக்காவின் பெயரில் எழுதிய சீட்டு உங்களைக் காப்பாற்றாது. கொண்டுவருகிற அவருக்கும் சிக்கல்.

உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 29.6, சிகிச்சை தேவைப்படும் எடைதான். பிரஷர் அடங்கியபின், தூண்டும் தன்மை இல்லாத ஆர்லிஸ்டாட், செமாக்ளூடைடு போன்ற எடைக்குறைப்பு மருந்துகள் பற்றி நேரில் பேசலாம். கர்ப்பத் திட்டம் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மீதிப் பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். உறை, பில், விற்றவர் விவரத்தோடு மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் கொடுங்கள். பக்கவிளைவைத் தெரிவிக்க இலவச எண் 1800-180-3024.