பிரேக் கீச்சிடுகிறது, நானே பேட் மாற்றலாமா?

கேள்வி: ஒரு வாரமாக காரில் பிரேக் மிதித்தால் முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம். பேட் தேய்ந்துவிட்டதா? வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பதில்: பெரும்பாலும் தேய்மானம்தான். பேட் என்பது, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை (டிஸ்க்) இறுக்கி வண்டியை நிறுத்தும் கட்டை. பல பேட்களில் சின்னத் தகடு ஒன்று இருக்கும், பேட் மெலிந்ததும் அது டிஸ்கில் உரசிக் கத்தும். சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், புதிதில் 10 மி.மீ. அளவுக்கு இருந்த பேட் 3 மி.மீ.க்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கரகரவென்று அரைக்கும் சத்தம் என்றால் இரும்போடு இரும்பு உரசுகிறது, டிஸ்கும் போயிருக்கலாம்.

ஜாக்கி, ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உண்டு என்றால் முன் பேட்களை நீங்களே மாற்றலாம். சக்கர நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, அப்புறம் தூக்கி, கட்டாயம் ஜாக் ஸ்டாண்டில் (வண்டியைத் தாங்கும் இரும்புக் கால்) நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைப்பது தற்கொலைக்குச் சமம். கழற்றிய காலிப்பரை (பேட்களைப் பிடித்திருக்கும் பாகம்) பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். புது பேட்டுக்கு இடம் விட காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா வழியாமல் ஒரு கண் வையுங்கள் (பெயின்டில் பட்டால் அரித்துவிடும்). இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். முதல் மிதிக்குப் பெடல் அப்படியே தரைவரை போகும். கெட்டியாகும் வரை நாலைந்து தடவை மிதித்துவிட்டு எடுங்கள்.

பின் பேட்களை மாற்ற வேண்டி, அங்கே எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் (பட்டனில் இயங்குவது) இருந்தால், மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.