காம்பர் வான் கழிவை யாழ்ப்பாணத்தில் எங்கே கொட்டுவது? கேள்வி பதில்

கொக்குவிலில் என் கராஜில் வான்களைப் படுக்கை, அடுப்பு, ரொய்லெற் எல்லாம் வைத்த காம்பர் வானாக மாற்றிக் கொடுக்கிறேன். வண்டி எடுக்க வருபவர்கள் ஏசி, பற்றரி, சோலார் எல்லாம் விசாரிப்பார்கள். ரொய்லெற் தாங்கியை எங்கே காலியாக்குவது என்று அன்றைக்கு ஒருவரும் கேட்பதில்லை, அது நிரம்பிய பிறகுதான் போன் வரும். இந்த ஊரில் அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். கேள்விகளை அனுப்பச் சொன்னேன், வந்தவற்றுக்கு இதோ பதில்.

அண்ணா, லண்டனிலிருந்து வருகிறோம், கொழும்பில் வான் எடுத்து ஏ9 வழியாக யாழ்ப்பாணம். ரவுனுக்குள் டம்ப் ஸ்ரேசன் எங்கே இருக்கிறது? ஐஓவர்லாண்டர் ஆப்பில் தேடினால் ஒன்றும் காட்டவில்லை.

ஆப்பில் பிழை இல்லை தம்பி. கனடாவிலும் ஜெர்மனியிலும் இருப்பது போல, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக் குழாயைச் செருகும் பொது நிலையம் இங்கே இல்லை. அந்த நாடுகளில் டம்ப் ஸ்ரேசன் பெரும்பாலும் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயோடு, இல்லாவிட்டால் ஒரு பெரிய தாங்கியோடு இணைந்திருக்கும். கொழும்பில் அப்படிக் குழாய் அமைப்பு உண்டு. யாழ்ப்பாண நகரத்தில் வீடு, கடை, ஹொட்டேல் எல்லாம் அவரவர் குழியிலும் செப்ரிக் தாங்கியிலும்தான் நிற்கின்றன. நிரம்பினால் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ சொல்லி, கட்டணம் கட்டி, கழிவு உறிஞ்சும் வண்டியான கலி பவுசரைக் கூப்பிட்டு உறிஞ்ச வைப்பார்கள்.

அதனால் உங்களுக்கு இருக்கும் வழி, நல்ல செப்ரிக் தாங்கி உள்ள ஒரு தங்குமிடத்தில் முன்கூட்டியே பேசி, அவர்களின் கொமோட்டில் கசெட்டை, அதாவது வான் ரொய்லெற்றின் கீழே கழற்றி எடுக்கும் சிறிய கழிவுத் தாங்கியை, மெதுவாக ஊற்றுவது. ஒரு கசெட் 17 முதல் 21 லீற்றர் வரைதான், நல்ல தாங்கிக்கு அது பாரமே இல்லை. கேட்காமல் ஊற்றாதீர்கள். ஒரு இரவு தங்குங்கள், இல்லையென்றால் ஒரு சாப்பாடாவது அங்கே எடுத்து, இன்ன காரியம் என்று நேரே சொல்லிக் கேளுங்கள். வரும் வழியில் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ தங்கினால் அங்கேயே காலியாக்கிக்கொண்டு ஆனையிறவைத் தாண்டுங்கள். வெறும் தாங்கியோடு வந்தால் முதல் நாள் தலையிடி இல்லை.

தங்குமிடத்தில் இருக்கும் தாங்கி நல்லதா கெட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக எப்போது பவுசர் வந்து எடுத்தது?"

"போன வருடம்" என்றோ "இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கால்" என்றோ சொன்னால் நல்லது. "எங்கட குழி இருபது வருடமாக நிரம்பவே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள். நிரம்பாத குழி என்றால் உள்ளே போவது எல்லாம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. அடி திறந்த குழி அது. இந்த ஊரில் அந்த "எங்கேயோ" என்பது பக்கத்து வளவுக் கிணறாக இருக்கலாம்.

சுன்னாகத்திலிருந்து: அண்ணை, இருபது லீற்றருக்கு இவ்வளவு யோசனையா? எங்கட அப்பு ஆட்கள் பனங்காணிக்குத்தானே போனவை. ஒரு கிடங்கு வெட்டித் தாட்டால் என்ன?

நியாயமான கேள்வி, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். உங்கள் பக்கம் செம்பாட்டு மண் மேலே கொஞ்சம் மூடியிருக்கிறது, அதற்குக் கீழே கல். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் குகையும் நிறைய. மணல் நிலத்தில் கழிவு மெல்ல மெல்ல வடிந்து இறங்கும்போது கிருமிகளில் பெரும் பகுதி வழியிலேயே செத்துப் போகும். வெடிப்புள்ள கல்லில் வடிகட்ட எதுவும் இல்லை, ஒரு மழைக்குத் தண்ணீர் ஓடிப் போய்விடும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி விடுங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வது மண்ணுக்குச் சரி, வெடிப்புக்கு அடிக்கணக்கு தெரியாது. நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்தது என்று ஒரு கதை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கதை உண்மையோ இல்லையோ, நிலத்துக்குக் கீழே தண்ணீர் ஊர் விட்டு ஊர் போகும் என்பது எங்கள் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது, எங்களிடம் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடும். மழை கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீர்தான் பல நூற்றாண்டுகளாக எங்கள் குடிதண்ணீர். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024 இல் திறந்ததும் இந்த நிலைமையால்தான். ஆனால் தோட்டமும் பெரும்பாலான வீடுகளும் இன்னும் கிணற்றை நம்பித்தான் இருக்கின்றன.

அப்பு காலத்தில் சனம் குறைவு, காணி பெரிது, வெளியே போனது வெயிலில் காய்ந்தது. கிடங்கு வெட்டித் தாட்டால் வெயிலும் படாது, தண்ணீருக்கு இன்னும் கிட்டவும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறி வரும்போது அந்தக் கிடங்கு நேரே தண்ணீருக்குள் நிற்கும். நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் இந்த ஊருக்குப் புதிதில்லை. இரண்டும் மலம் கலந்த தண்ணீரால் பரவுபவை. புதைக்க வேண்டாம்.

மலம் சரி, சலத்தைத் தனியாகப் பிரிக்கும் ரொய்லெற் வைத்திருக்கிறேன். சலத்தை மரத்தடியில் ஊற்றலாம்தானே?

உங்கள் ரொய்லெற் நல்ல தெரிவு. மலப் பக்கத்தில் தும்புத்தூள் போட்டால் மணமும் இல்லை, தாங்கியும் சீக்கிரம் நிரம்பாது. தும்புத்தூளுக்கு எங்கள் நாட்டில் பஞ்சமா? ஆனால் சலம் பாவமற்றது என்று நினைக்காதீர்கள். கிருமி குறைவு, நைதரசன் கூட. ஒரு மனிதன் வெளியேற்றும் நைதரசனில் ஏறத்தாழ 80 வீதம் சலத்தில்தான் போகிறது, ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம். அது மண்ணில் நைத்திரேற்றாக மாறும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கணக்குப் பாருங்கள்: அந்த 10 கிராம் முழுவதும் நைத்திரேற்றாகித் தண்ணீருக்குள் போனால், கிட்டத்தட்ட 900 லீற்றர் தண்ணீரை வரம்புக்குக் கொண்டுவர அது போதும். எங்கள் தோட்டப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உரத்தாலும் குழிகளாலும் ஏற்கெனவே நைத்திரேற்று கூட. கொதிக்க வைத்தாலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து.

மரத்துக்கு உரமாக்க வேண்டுமென்றால் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஒவ்வொரு நாளும் வேறு வேறு மரத்துக்கு, கிணற்றுக்குத் தூரமாக, மழை இல்லாத நாளில், காணிக்காரரைக் கேட்டு ஊற்றுங்கள். ஒரே இடத்தில் ஒரு கிழமைச் சலத்தைக் கவிழ்ப்பது கூடாது. வசதி இல்லையென்றால் கொமோட்டிலேயே ஊற்றுங்கள்.

யாழ் நகரத்துப் பண்ணைக் கரையில் இரவு வண்டி நிறுத்துகிறோம். கடல்தானே, அதற்குள் விட்டால்?

வேண்டவே வேண்டாம். அது கடல் இல்லை, ஆழமில்லாத கடனீரேரி. இறாலும் நண்டும் பிடிக்க ஆட்கள் அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கிறார்கள்.

வான் தந்தவர்கள் கசெட் மூன்று நாள் வரும் என்றார்கள். எங்களுக்கு ஒரே நாளில் நிரம்பிவிட்டது. பழுதா?

பழுதில்லை அக்கா. அந்தக் கணக்குக் கடதாசியால் துடைக்கும் ஆட்களுக்கு. நாங்கள் தண்ணீரால் கழுவுகிறவர்கள், ஒவ்வொரு முறையும் கழுவும் தண்ணீரும் உள்ளே போகிறது. வாளியும் கோப்பையும் வேண்டாம், வாய் ஒடுங்கிய சிறிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கால் லீற்றரில் காரியம் முடியும். நான்கு பேர் போகிற குடும்பம் என்றால் இரண்டாவது கசெட் ஒன்று வாங்கி வைப்பதுதான் புத்தி. பகலில் கோயில், பெற்றோல் செட், சாப்பாட்டுக் கடை என்று வெளியே உள்ள மலசலகூடங்களைப் பயன்படுத்திவிட்டு, வானை இரவுக்கு மட்டும் வைத்துக்கொண்டாலும் பாதி குறையும்.

கசெட்டுக்குள் மணத்துக்குப் போடும் நீல நிறக் கெமிக்கல் கட்டாயமா? ஹார்பிக் போடலாமா?

ஹார்பிக் போடாதீர்கள், கசெட்டின் ரப்பர் சீல் கெட்டுவிடும். பிளீச் அதைவிட மோசம். சலத்தோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு வரும், சின்ன வானுக்குள் அது ஆபத்து.

நீலக் கெமிக்கலில் போர்மல்டிகைட் உள்ளதா என்று லேபலைப் பாருங்கள். அது மணத்தை மட்டுமல்ல, செப்ரிக் தாங்கியில் கழிவைச் செரிக்க வைக்கும் பற்றீரியாவையும் கொல்லும். ஒருவர் தயவாக இடம் தரும்போது அவருடைய தாங்கியைக் கெடுத்துவிட்டுப் போகக்கூடாது. செப்ரிக் தாங்கிக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் என்சைம் வகை கிடைக்கிறது, அதை எடுங்கள். எங்கள் வெக்கைக்கு அதன் வேலை இரண்டு நாள்தான், அதற்குள் காலியாக்கிவிடுங்கள்.

நல்லூரிலிருந்து ஒரு அம்மா: மகன் ரொறன்ரோவில் ஆர்.வி. என்ற பெரிய வீட்டு வண்டி எடுத்து எங்களைச் சுற்றிக் காட்டப் போகிறானாம். அவனுக்கும் இது புதிது. அங்கே எப்படி?

அம்மா, அங்கே இடம் கண்டுபிடிப்பது சுகம். சானிடம்ப்ஸ் என்ற இணையத்தளம் வட அமெரிக்க நிலையங்களைப் பட்டியலிடுகிறது. நகரத்துக்குள் தேடி அலையாமல், நகரத்துக்குள் நுழைய முன்னரோ வெளியேறிய பிறகோ காலியாக்கச் சொல்லுங்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்கள் பலவற்றில் நிலையம் உண்டு, அங்கே தங்காதவர்கள் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். பைலட், பிளையிங் ஜே போன்ற லொறித் தரிப்பிடங்கள் சிலவற்றிலும் உண்டு. குளிர்காலத்தில் குழாய் உறைந்துவிடும் என்று பல இடங்களை மூடிவிடுவார்கள், ஆகவே போக முன் போன் பண்ணிக் கேட்பது நல்லது.

மகனுக்கு முறை இது. பெரிய ஆர்.வி.யில் இரண்டு தாங்கி: கறுப்பு என்பது மலசலம், சாம்பல் என்பது குளித்த, கழுவிய தண்ணீர். கையுறை போட்டு, குழாயை இறுக்கிப் பூட்டி, முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும். அது முடிந்த பிறகு சாம்பல், அந்தச் சவர்க்காரத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். முறை மாறினால் குழாய் முழுக்க அழுக்கோடு பெட்டிக்குள் போகும். கறுப்பு வால்வைப் பூட்டியே வைத்திருந்து, தாங்கி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு திறக்கச் சொல்லுங்கள். எப்போதும் திறந்து விட்டால் தண்ணீர் ஓடிப்போய் மலம் அடியில் குவிந்து இறுகிவிடும். அங்கே கழுவ ஒரு குழாய் இருக்கும், அது குடிக்கிற தண்ணீர் இல்லை, போத்தல் நிரப்பிவிடாதீர்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது தாங்கி காலியாக இல்லையென்றால் பெரும்பாலான கம்பனிகள் தனிக் கட்டணம் எடுப்பார்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கோயிலடியில் வானோடு நிற்கலாமா?

25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். தள்ளி ஒரு வீட்டு வளவில் நிறுத்துங்கள். திருவிழாவுக்கு வைக்கும் தற்காலிக மலசலகூடங்களில் கசெட்டைக் கவிழ்க்காதீர்கள், அவை ஏற்கெனவே தாங்க முடியாமல் இருக்கும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரையும் பிடித்து வைக்க வேண்டுமா?

சோறு, எண்ணெய் இல்லாமல் வடித்து எடுத்தால் வாழைக்கு விடலாம், கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் போவது எங்கள் பழக்கம்தானே. ரோட்டில் விட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.

காரைநகரில் கசூரினா கடற்கரைக்குக் கிட்ட ஒரு சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வான்காரர்கள் கேட்டு வருகிறார்கள். நானே ஒரு டம்ப் இடம் கட்டலாமா?

இந்தக் கேள்வி வந்தது எனக்குப் பெரிய சந்தோசம். கட்டுங்கள்.

உறிஞ்சு குழி வேண்டாம். அடியும் சுவரும் பூசி ஒழுக்கில்லாமல் செய்த கொங்கிறீற் தாங்கி, வெளியேறும் குழாயே இல்லாமல். நிரம்பினால் பவுசர். நாளைக்கு நான்கு வான் வந்து, ஒவ்வொன்றும் 20 லீற்றர் ஊற்றி 10 லீற்றரால் கழுவினால் 120 லீற்றர். 4000 லீற்றர் தாங்கி ஒரு மாதம் தாங்கும். பவுசர் கட்டணத்தைப் பிரித்து வான்காரரிடம் வாங்கலாம், சந்தோசமாகத் தருவார்கள். கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் திறக்க வேண்டாம்.

மேலே நடுவை நோக்கிச் சரிந்த சீமெந்துத் தளம், நடுவில் மூடியுள்ள 4 அங்குல வாய். தளத்தைச் சுற்றி ஒரு சிறு வரம்பு, மேலே ஒரு தகரக் கூரை, இல்லாவிட்டால் மழைத் தண்ணீரே தாங்கியை நிரப்பிவிடும். கழுவும் குழாயின் முனை வாயிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் நிற்க வேண்டும். கீழே தொங்கவிட்டால் அமுக்கம் குறையும் நேரம் அழுக்குத் தண்ணீரை உங்கள் தண்ணீர்த் தாங்கிக்கே இழுத்துவிடும். குடிதண்ணீர்க் குழாயை வளவின் மற்றப் பக்கத்தில் வையுங்கள். பவுசர் வந்து திரும்ப இடம் விடுங்கள். வேலை தொடங்க முன் பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் வரைபடத்தைக் காட்டி அனுமதி எடுங்கள். உங்கள் பக்கம் நல்ல தண்ணீருக்கே தட்டுப்பாடு, அதனால் அயலவரிடமும் தாங்கியைக் காட்டிவிடுங்கள். கட்டுவதானால் சொல்லுங்கள், தளத்தின் சரிவு பார்க்க நான் வருகிறேன்.

நாகபட்டினத்திலிருந்து கப்பலில் எங்கள் காரவனைக் காங்கேசன்துறைக்குக் கொண்டு வரலாமா?

அது பயணிகள் கப்பல், வண்டி ஏற்றாது. நீங்கள் வந்து இறங்கி, வானை இங்கே வாடகைக்கு எடுங்கள்.

கசெட்டைக் கழுவ எங்கே தண்ணீர் எடுப்பது? கிணற்றடியில் கழுவலாமா?

கிணற்றடியில் வேண்டாம். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மலசலகூடத்துக்குள் போய், கசெட்டுக்குள் இரண்டு லீற்றர் விட்டுக் குலுக்கி, அதையும் கொமோட்டிலேயே ஊற்றுங்கள். இரண்டு தரம் செய்தால் போதும். பிறகு கொமோட்டையும் நிலத்தையும் கழுவி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு புறப்படுங்கள். அடுத்த வான் வரும்போது அவர் கதவைத் திறப்பது நீங்கள் விட்டுப்போன சுத்தத்தைப் பார்த்துத்தான்.