எல்லை மாறினால் முதலில் பாட வரிசையைப் பாருங்கள்

கேள்வி: வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்) உள்ள உயர்நிலைப் பள்ளி கிடைக்கும் என்றுதான் இந்த வீட்டை வாங்கினோம். எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்ற எல்லையை மாற்றினால், எங்கள் தெரு ஐ.பி. (சர்வதேசப் பாடத்திட்டம்) பள்ளியின் பக்கம் போய்விடும் போலிருக்கிறது. மகளுக்கு இன்ஜினியரிங் ஆசை. வீட்டை மாற்றிவிடலாமா?

பதில்: வீட்டுப் பேச்சை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். உங்கள் கவுண்டியின் பள்ளி மாவட்டம் ஏறத்தாழ 40 ஆண்டுகளாக முழு கவுண்டிக்குமான எல்லைச் சீரமைப்பைத் தொடாமலே இருந்தது. 2024இல் 8130ஆம் கொள்கையைத் திருத்தி, இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லைகளை மறுஆய்வு செய்வது என்று ஸ்கூல் போர்டு முடிவெடுத்தது. 2025இல் ஹெர்ண்டன் பக்கம் கிங் அப்துல்லா அகாடமி என்ற தனியார் பள்ளியின் கட்டடத்தை 15 கோடி டாலருக்கு வாங்கியதால், மேற்குப் பகுதியில் புதிய உயர்நிலைப் பள்ளியும் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆகவே இன்று அதிக விலை கொடுத்து எந்தத் தெருவுக்குக் குடிபோனாலும், உங்கள் மகன் உயர்நிலைப் பள்ளிக்குப் போவதற்குள் அந்தத் தெருவும் ஒருமுறை மேசைக்கு வரும். நிரந்தரம் என்று நம்பி வீட்டுக்கடனை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

முதலில் உங்கள் வீடு எந்தத் திட்டப் பகுதியில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். மாவட்டம் தெருத் தெருவாகப் பிள்ளைகளை நகர்த்துவதில்லை. வரைபடத்தில் எண்ணிட்ட சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியை முழுசாகத்தான் நகர்த்தும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணம் எது என்பதையும் பாருங்கள். 2025இல் முன்வைத்த வரைவுகள் மூன்று குறைகளைச் சுற்றியே இருந்தன. முதலாவது, பள்ளியின் எல்லையிலிருந்து துண்டாகக் கிடக்கும் தீவுப் பகுதிகள். இரண்டாவது, ஒரே பள்ளியின் பிள்ளைகள் அடுத்த கட்டத்தில் இரு பள்ளிகளுக்குப் பிரிவதும், அதில் ஒரு பக்கம் 25 விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள் போவதும். மூன்றாவது, கொள்ளளவில் 105 விழுக்காட்டைத் தாண்டிய பள்ளிகள். உங்கள் பகுதி எந்தக் குறைக்காக நகர்கிறது என்று தெரியாமல் எழுதும் கடிதத்துக்கு எடை இருக்காது. நெரிசலைக் குறைக்க நகர்த்துகிறார்கள் என்றால், "எங்களை விட்டுவிடுங்கள்" என்பதோடு நிறுத்தக் கூடாது. நெரிசலைக் குறைக்க வேறு எந்தப் பகுதியை, எத்தனை பிள்ளைகளை நகர்த்தலாம் என்றும் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். ஏ.பி. பள்ளிக்குப் பதில் ஐ.பி. பள்ளி என்றால் இன்ஜினியரிங் கனவு கெட்டுவிடுமா? ஒன்பதாம் வகுப்பில் நுழையும் பிள்ளைக்குக் கெடாது என்பதே என் தெளிவான கருத்து. ஐ.பி. டிப்ளோமா பதினொன்று, பன்னிரண்டு என்ற இரண்டு ஆண்டுப் படிப்பு. ஒன்பதும் பத்தும் இரண்டு வகைப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒரே ஓட்டம்தான். மகள் எட்டில் அல்ஜீப்ரா 1 படிக்கிறாள் என்றால் ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2. அதன் பிறகுதான் பாதை பிரிகிறது. ஏ.பி. பள்ளியில் பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். ஐ.பி. பள்ளியில் இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து ஒரே கணிதப் பாடம்.

அந்தக் கணிதப் பாடத்தில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. ஐ.பி.யில் கணிதம் இரண்டு வகை. 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்' ஒன்று, 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரிடேஷன்' மற்றொன்று. ஒவ்வொன்றிலும் ஸ்டாண்டர்ட் லெவல், ஹையர் லெவல் என இரு நிலைகள். இன்ஜினியரிங்குக்கு வேண்டியது முதல் வகையின் ஹையர் லெவல். ஏ.பி.யின் மேல்நிலைக் கால்குலஸ் பாடமான கால்குலஸ் பி.சி.யில் வருவதில் பெரும்பகுதி அதில் வந்துவிடும். 'அப்ளிகேஷன்ஸ்' என்ற சொல்லைப் பார்த்து, நடைமுறைக் கணிதம்தானே, இன்ஜினியருக்கு அதுதான் சரி என்று இரண்டாவதைத் தேர்ந்துவிட்டால், பல்கலைக்கழகத்தின் முதல் செமஸ்டர் கால்குலஸ் வகுப்பில் பிள்ளை திணறும்.

அடுத்தது அறிவியல். டிப்ளோமாவில் ஆறு பாடங்கள். மூன்றோ நான்கோ ஹையர் லெவலில் இருக்க வேண்டும். ஹையர் லெவல் பாடத்துக்கு 240 மணி நேர வகுப்பு, ஸ்டாண்டர்டுக்கு 150. இவற்றோடு 4,000 சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு என்ற பாடம், சேவையும் படைப்புச் செயல்பாடும் சேர்ந்த ஒரு பகுதி. ஆறில் ஓர் இடம்தான் அறிவியலுக்கு உரியது. இரண்டாவது அறிவியல் வேண்டுமென்றால் கலைப் பாடத்தின் இடத்தை அதற்குக் கொடுக்கலாம். ஆக ஃபிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் முடியும். மூன்று அறிவியலும் என்றால் வழக்கமான டிப்ளோமாவில் இடம் இல்லை. ஊர் திரும்பி மருத்துவம் படிக்கும் எண்ணம் இருக்கிற குடும்பங்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். நீட் தகுதிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஏ.பி. பள்ளியில் மூன்றையும் அடுக்குவது எளிது. ஐ.பி. பள்ளி என்றால் சிறப்பு அனுமதி கேட்க வேண்டும், அல்லது முழு டிப்ளோமாவை விட்டுவிட்டுத் தனிப் பாடங்களாக எடுக்க வேண்டும். தனிப் பாடங்களாக எடுப்பதில் குறையொன்றும் இல்லை. முழு டிப்ளோமா கட்டாயம் என்று நினைத்துக்கொண்டு பயப்படுகிற பெற்றோரே அதிகம்.

காலக் கணக்கும் வேறு. ஏ.பி. தேர்வு ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் நடக்கும். பதினொன்றின் மதிப்பெண் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன்பே கையில் இருக்கும். ஐ.பி.யின் முக்கியத் தேர்வுகள் பன்னிரண்டின் மே மாதத்தில் வருகின்றன, முடிவு ஜூலையில். சேர்க்கை முடிந்த பிறகே 45க்கு எத்தனை என்று தெரியும். அதனால் விண்ணப்பத்தில் பேசுவது பள்ளியின் பாட மதிப்பெண்ணும் ஆசிரியர் தரும் கணிப்பும்தான். பதினொன்றில் சாதாரண வகுப்பு மதிப்பெண்ணை அலட்சியம் செய்தால் ஐ.பி. பிள்ளைக்குச் சேதம் கூடுதல். ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) கணக்கில் வித்தியாசம் இல்லை. இந்த மாவட்டத்தில் ஏ.பி., ஐ.பி. இரண்டுக்கும் கூடுதல் மதிப்பு 1.0, சாதாரண வகுப்பைவிட ஒரு படி கடினமான ஹானர்ஸுக்கு 0.5.

பள்ளியின் தரவரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு தூக்கம் கெடுக்காதீர்கள். விண்ணப்பத்தோடு பள்ளியின் விவரக் குறிப்பையும் பள்ளி ஆலோசகர் அனுப்புவார். அங்கே என்னென்ன பாடங்கள் கிடைத்தன, அவற்றில் இந்தப் பிள்ளை எவற்றை எடுத்தது என்று பார்த்துத்தான் சேர்க்கை அலுவலர் எடைபோடுகிறார். ஐ.பி. பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "ஹையர் லெவல் கணித வகுப்பிலும் ஹையர் லெவல் ஃபிசிக்ஸ் வகுப்பிலும் இந்த ஆண்டு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?" பாடப் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, வகுப்பு நடப்பது வேறு. பதிவு செய்தவர் குறைவென்றால் வகுப்பே நடக்காமல் போகலாம், அல்லது ஹையரையும் ஸ்டாண்டர்டையும் ஒரே அறையில் ஒரே ஆசிரியர் நடத்தலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதுவே போர்டிடம் எழுப்ப வேண்டிய புகார்.

உங்கள் மகள் பதினொன்றை முடித்திருந்தால் என் பதில் நேர்மாறாக இருந்திருக்கும். இரண்டாண்டுப் பாடத்தின் நடுவே பிள்ளையைப் பிடுங்கி நடக் கூடாது. அந்த நிலையில் இருப்பவர்கள், பழைய பள்ளியிலேயே முடிக்கும் சலுகை எந்த வகுப்புகளுக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சலுகை கிடைத்தாலும் பஸ் வருமா, தம்பி தங்கைக்கும் அது உண்டா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் தானாக வருவதில்லை. உங்கள் மகன் விஷயத்திலும் இதையே கேட்டு வையுங்கள்.

அப்படியும் ஏ.பி. பள்ளிதான் வேண்டுமென்றால் முறையான வழி உண்டு. மாவட்டத்தின் 2230ஆம் ஒழுங்குமுறை மாணவர் இடமாற்றத்துக்கானது. உயர்நிலைப் பள்ளியில் ஏ.பி. அல்லது ஐ.பி. திட்டத்துக்காக விண்ணப்பிக்க அதில் இடம் இருக்கிறது. போக விரும்பும் பள்ளியில் இடம் இருக்க வேண்டும், காரில் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் உங்கள் பாடு. நான்கு ஆண்டு, காலையும் மாலையும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விளையாட்டில் இருக்கிற பிள்ளையை ஒன்பதில் சேர்த்த பிறகு, வீடு மாறாமல் இடையில் பள்ளி மாற்றினால், மாநில விளையாட்டுக் கழக விதிப்படி 365 நாள் போட்டிகளில் இறங்க முடியாது.

நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்க்கும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வசிப்பிடம் பற்றிப் பொய் உறுதி கொடுப்பது வர்ஜீனியாவில் குற்றம், கல்விக் கட்டணத்தையும் திருப்பி வசூலிக்கலாம். விசா நிலையில் இருக்கிற குடும்பத்துக்கு அந்த ஒரு பதிவு தேவையே இல்லை.

மகன் விஷயத்தில், போட்டியிட்டுச் சேரும் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியான தாமஸ் ஜெஃபர்சனும் உங்கள் மனதில் இருக்கும். 2020இல் மாற்றிய சேர்க்கை முறைப்படி, ஒவ்வொரு பொது நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. அதை எதிர்த்த வழக்கை 2024 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. நடுநிலைப் பள்ளி மாறினால் போட்டியிடும் கூட்டமும் மாறும் என்பது உண்மைதான். அதற்காக வீடு தேடி அலைய வேண்டாம். எட்டு முடிவதற்குள் அல்ஜீப்ரா 1, முக்கியப் பாடங்களில் 3.5 சராசரி என்ற இரண்டு வாசல்களும் எந்த நடுநிலைப் பள்ளியிலிருந்தும் ஒன்றுதான்.

போர்டுக்கு எழுதும்போது வீட்டு விலையை ஒரு வரியில்கூடத் தொடாதீர்கள். "அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளா" என்ற தொனி வேண்டவே வேண்டாம். அது தவறு, கேட்கிறவர்களின் மனமும் அங்கேயே மூடிக்கொள்ளும். ஒருவர் எழுதியதையே ஐம்பது பேர் அனுப்பினால் அது ஒரே கடிதமாகத்தான் எண்ணப்படும். திட்டப் பகுதியின் எண், அதில் எத்தனை பிள்ளைகள், இப்போது பள்ளிக்கு நடை எத்தனை நிமிடம், மாறினால் பஸ் எத்தனை நிமிடம், எந்தப் பெரிய சாலையைக் கடக்க வேண்டும், என்ன மாற்று யோசனை என்று ஒரு பக்கத்தில் முடியுங்கள். எல்லையை மாற்றும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அங்கே பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், அதனால் எழுதி வைத்து வாசியுங்கள். முடிவுக்குப் பிறகு 30 நாளுக்குள் சர்க்யூட் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் போர்டு அதிகாரம் மீறியது அல்லது தன்னிச்சையாக நடந்தது என்று நிரூபித்தால்தான் முடிவு நிற்காது. "எங்களுக்கு வசதியில்லை" என்பது அங்கே வாதம் ஆகாது. வக்கீலுக்குச் செலவிடும் முன் அதை நினைவில் வையுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் சாப்பாட்டு மேசையில் அந்தப் பள்ளியைத் திட்டாதீர்கள். ஆகஸ்டில் உங்கள் மகள் அதே கட்டடத்துக்குள் நுழையக்கூடும். அந்தப் பள்ளியில் புதியவர்களுக்கான அறிமுக மாலை நடந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஃபிசிக்ஸ் ஆசிரியரைப் பார்த்து அவளே இரண்டு கேள்வி கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.