பாய் பிடித்திருந்தும் ஆர்டர் போடாமல் ஏன் போய்விடுகிறார்கள்?

கேள்வி: பத்தமடைப் பாய் விற்க இணையதளம் வைத்திருக்கிறோம். ஆர்டர் பக்கம்வரை வருகிறார்கள், அப்படியே போய்விடுகிறார்கள். எதை மாற்றலாம்?

விலையில் கை வைக்காதீர்கள். வாங்க வருபவரை உங்கள் பக்கம் எங்கே தடுக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பாய்களை நெசவின் நுணுக்கத்தை வைத்து ‘100 கவுண்ட்’, ‘120 கவுண்ட்’ என்று பிரித்திருந்தால் அது நெய்பவருக்குப் புரியும், சென்னையிலிருந்து வாங்குபவருக்குப் புரியாது. அவர் மனசில் இருப்பது ‘கல்யாணச் சீருக்கு’, ‘தினம் படுக்க’, ‘பிள்ளைக்கு’. முதல் திரையில் இந்த மூன்று போதும். தெரிவுகள் கூடினால் முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று 1952-இல் உளவியலாளர் ஹிக் காட்டினார். ஆனால் அது மெதுவாகத்தான் கூடுகிறது. ஆளை நிறுத்திவிடுவது தெரியாத வார்த்தைதான்.

அடுத்தது, பெரும்பாலும் இதுதான் காரணம்: கூரியர் கட்டணம். சுருட்டிய பாய் எடை குறைவு, நீளம் அதிகம். கூரியர்காரர்கள் அடைக்கும் இடத்துக்கும் காசு கேட்பார்கள். பாயின் விலையை மனசில் ஏற்றிக்கொண்டு வந்தவருக்குக் கடைசித் திரையில் அந்தத் தொகை திடீரென்று சேர்ந்தால், ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும். பின்கோடைப் பாயின் படத்துக்குக் கீழேயே கேட்டு, மொத்தத் தொகையை அங்கேயே காட்டுங்கள்.

படிவத்தில் பெயர், போன், முகவரி போதும். கணக்குத் தொடங்கச் சொல்லாதீர்கள். ‘போன் நம்பர்’ என்ற சொல் கட்டத்துக்கு மேலே இருக்கட்டும். உள்ளே மங்கலாக எழுதினால் தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும், பாதியில் அழைப்பு வந்து திரும்புபவருக்கு எதை நிரப்பினோம் என்றே தெரியாது. அந்தக் கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும். பட்டன் உயரம் ஆண்ட்ராய்டில் 48 டிபிக்கு (dp, ஆண்ட்ராய்டு திரை அளவுக்கான அலகு) குறையக் கூடாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே வேகத்தைக் குறையுங்கள். மாப்பிள்ளை, பெண் பெயர் நெய்யும் கல்யாணப் பாய்க்கு, தட்டிய பெயர்களைப் பெரிய எழுத்தில் பாயின் படத்தின்மேல் காட்டி, ‘இப்படியே நெய்யலாம்’ என்ற பட்டனை அதற்கடியில் வையுங்கள். ‘உறுதியா?’ என்று வெறுமனே கேட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், பழக்கத்தில் ‘ஆம்’ தட்டிவிடுவார்கள். படத்தில் தப்புப் பெயர் இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். ‘கௌசல்யா’ ‘கௌசலயா’ என்று நெய்யப்பட்டால் யாராலும் திருத்த முடியாது.

‘பாய் உறை சேர்க்கவும்’ என்று நீங்களே டிக் போட்டு வைக்காதீர்கள். பலர் அதை எடுக்காமல் விட்டுவிடுவார்கள், விற்பனை கூடியதுபோலத் தெரியும். பில்லைப் பார்த்தவர் மறுபடி வரமாட்டார். வாங்குபவர் சம்மதமில்லாமல் இப்படிக் கூடையில் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன. அதில் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் ‘இன்னும் 2 பாய்தான் இருக்கிறது’ என்ற பொய் அவசரமும் ஒன்று. உண்மையிலேயே இரண்டுதான் இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.