உயிருள்ள மாடலின் உடற்பகுதியில் நேரடியாகப் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்கலாமா?

ஊற்றவே கூடாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீரோடு சேர்ந்து மீண்டும் ஜிப்சமாக மாறும்போது சூட்டை வெளியிடும். தடிமனாக இருந்தால் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டலாம், தோல் வெந்துவிடும். எலும்பு முறிவுக்குக் கட்டுகிற பிளாஸ்டர் பேண்டேஜ்தான் இதற்குச் சரி.

முதலில் வாஸ்லினைத் தாராளமாகத் தடவுங்கள். மார்பில் முடி இருந்தால் இரண்டு மடங்கு. இதில் கஞ்சத்தனம் பார்த்தால் கழற்றும்போது மாடல் அலறுவார். பேண்டேஜ் துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, லேசாகப் பிழிந்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி ஒட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் விரலால் நீவி, வலைக்கண்கள் மறையும்வரை தேய்க்க வேண்டும். மூன்று, நான்கு அடுக்கு போதும். ஓரங்களுக்கு மட்டும் இன்னொரு பட்டை, இல்லாவிட்டால் அங்கேதான் கிழியும்.

முன்பக்கத்தை மட்டும் எடுங்கள். விலாவின் நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் போனால் அச்சு உடம்பைக் கவ்விக்கொள்ளும், வெளியே வராது.

மாடலை முழங்காலை விறைப்பாக வைத்து நிற்கவிடாதீர்கள், மயக்கம் வரும். சாய்ந்து நிற்க ஏதாவது கொடுங்கள். மூச்சை அடக்கச் சொல்லவும் வேண்டாம்; இயல்பாக விடட்டும். எரிகிறது என்று சொன்னால் அந்த நொடியே கழற்றிவிடுங்கள், அச்சு போனால் போகட்டும்.

பதினைந்து, இருபது நிமிடத்தில் தட்டினால் டொக்கென்று கேட்கும். அப்புறம் மாடல் முன்னால் குனிந்து தோள்களை அசைத்தால் தானாகவே விட்டுவரும்.

தோலின் நுண்ரேகைகள்கூடத் தெரிய வேண்டுமென்றால் முதலில் ஆல்ஜினேட் (பல் மருத்துவர்கள் பல் அச்சு எடுக்க நீரில் குழைக்கும் பொடி) பூசி, அதன்மேல் பேண்டேஜ் போடுங்கள்.