ஐடி ஆள் இல்லாத சின்ன ஆபீஸில் ஊழியர், வாடிக்கையாளர் தகவல்களை எப்படிப் பாதுகாப்பது?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், எச்ஆர் வேலையும் பாதி என் தலையில்தான். எங்களிடமும் ஐடிக்கென்று தனி ஆள் கிடையாது, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் கடையிலிருந்து ஒரு தம்பி வருவார், அவ்வளவுதான். ஆதார், சம்பளம், வங்கி விவரம் எல்லாம் கையில் இருக்கிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்பதிலிருந்து நான் ஆரம்பிக்க மாட்டேன். முதலில் பிரதிகளைக் குறையுங்கள்.

ஒரே ஒரு ஆதார் அட்டையைப் பின்தொடர்ந்து பாருங்கள். புதிதாக ஒரு டெய்லர் சேர்கிறார், அட்டையை போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், சூப்பர்வைசர் அதை ஆபீஸ் குரூப்பில் போடுகிறார், குரூப்பில் இருக்கிற எல்லோருடைய கேலரியிலும் அது போய் உட்காருகிறது, சிலருடைய கேலரி தானாகவே கூகுள் போட்டோஸுக்கு ஏறுகிறது, வாட்ஸ்அப் வெப் வழியாக டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒன்று, பிரிண்டர் ரிப்பேர் என்று ஜெராக்ஸ் கடைக்கு மெயிலில் ஒன்று. பிஎஃப் எண் வாங்கியாயிற்று, வேலை முடிந்தது. அந்த டெய்லர் இரண்டு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அவருடைய ஆதார் மட்டும் இத்தனை இடத்தில் அப்படியே கிடக்கும், யாருக்கும் நினைவுகூட இருக்காது. இதைத் திருட ஹேக்கரே தேவையில்லை.

அதனால் வாங்குவது ஒரே வழியில், வைப்பது ஒரே ஃபோல்டரில், திறப்பது இரண்டு பேர் மட்டும் என்று முடிவு பண்ணிவிடுங்கள். எண் முழுதாக வேண்டிய இடம் பிஎஃப், இஎஸ்ஐ மாதிரி சிலதுதான். வெறும் அடையாளத்துக்கு என்றால் முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதார் போதும், ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அப்புறம், இ-ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்ட், ஃபைலின் பெயரிலேயே ஆள் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சம்பளச் சீட்டுக்குப் பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைப்பதும் இதே கதைதான். எட்டு இலக்கம் என்று பார்க்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருப்பவர்களின் தேதிகளை எண்ணினால் மொத்தமே பதினைந்தாயிரம் சொச்சம். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஒரு சாதாரண லேப்டாப்புக்கு ரொம்ப நேரம் ஆகாது.

அடுத்தது பணம். எங்கள் ஊரில் பையர், நூல் மில், சாயப்பட்டறை எல்லோரோடும் மெயிலில்தான் பேச்சு, அதனால் ஏமாற்றுக்காரனுக்கு நம் நெட்வொர்க்கை உடைக்கிற வேலையே இல்லை. இரண்டு பக்கத்தில் யாராவது ஒருவருடைய மெயில் பாஸ்வேர்ட் கிடைத்தால் போதும், சத்தமில்லாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பான், இன்வாய்ஸ் போகிற நாளில் அதே மெயில் தொடரில், அதே கையெழுத்து வரியோடு, "எங்கள் வங்கிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று எழுதுவான். அனுப்புநர் முகவரியில் எம் என்ற எழுத்துக்குப் பதிலாக ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டிருப்பான், போன் திரையில் பார்த்தால் என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. இதற்கு மருந்து ஒன்றுதான். கணக்கு எண் மாறினால், நம்மிடம் பழைய பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டு, வழக்கமாகப் பேசுகிற ஆளின் குரலைக் கேட்ட பிறகுதான் பணம். மெயிலில் கொடுத்திருக்கிற நம்பருக்கு அல்ல. "அவசரம், உடனே போடு" என்று முதலாளியே வாட்ஸ்அப்பில் சொன்னாலும் ஒரு போன் போட்டுவிடுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்கிற முதலாளியிடம் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

நேரத்தையும் கவனியுங்கள். 2016 பிப்ரவரியில், அமெரிக்காவின் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வங்கதேச மத்திய வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை எடுக்கப் பார்த்தார்கள், 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போயே போய்விட்டது. வேலையைத் தொடங்கியது வியாழன் இரவு, வங்கதேசத்தில் வெள்ளி விடுமுறை, அடுத்து அமெரிக்காவில் சனி ஞாயிறு, திங்கட்கிழமை பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. பரிமாற்றங்களை அச்சடிக்க வேண்டிய பிரிண்டர் ஓடவில்லை, வழக்கமான கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் தப்பித்ததற்குக் காரணம், ஃபவுண்டேஷன் என்ற வார்த்தையைத் திருடர்கள் தப்பாக எழுதியதைப் பார்த்து இடையில் இருந்த வங்கி கேள்வி கேட்டதுதான். திருப்பூர்க் கம்பெனியைக் குறிவைக்கிறவனாக நான் இருந்தால் தீபாவளி போனஸ் வாரத்தின் சனிக்கிழமை சாயங்காலத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மெயில் கணக்குக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்தாதீர்கள். செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள், "இன்வாய்ஸ்" என்ற சொல் வந்தால் வேறு முகவரிக்கு அனுப்பு என்று அவன் ஒரு விதி போட்டு வைத்திருந்தால் பாஸ்வேர்ட் மாறினாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள், இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) சப்போர்ட்டுக்கு, தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்கவிடும் எனிடெஸ்க்கைப் போட்டுக்கொடுக்கிறீர்கள் என்றால், அவர் வேலை பார்க்கும்போது பக்கத்திலேயே உட்காருங்கள், முடிந்ததும் மூடுங்கள். ஆள் இல்லாமலே உள்ளே வருவதற்கு ஒரு நிரந்தரப் பாஸ்வேர்டை அதில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பேக்கப் எடுக்கிற ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் டேலி டேட்டாவோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். மானிட்டரில் ஒட்டியிருக்கும் ஜிஎஸ்டி பாஸ்வேர்ட் சீட்டைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை, ஆனால் ஆள் வேலையை விட்டுப் போகும் அன்றே அதை மாற்றுகிற ஆபீஸை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதலாளி "நமக்கெல்லாம் எதுக்குப்பா இது" என்றால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லுங்கள், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. சின்ன ஆபீஸுக்கு அவ்வளவு போடுவார்களா என்பது வேறு விஷயம், ஆனால் அந்த எண் வேலை செய்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

பணம் போய்விட்டால் முதல் போன் உங்கள் வங்கிக்கு, அடுத்தது சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு. வெளிநாட்டுக்குப் போன பணம் என்றால் வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக ரீகால் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் செய்தி) அனுப்பச் சொல்லி வங்கியிடம் எழுத்தில் கொடுங்கள். ஹேக் நடந்ததைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும், 2022லிருந்து விதி அப்படி. அந்தப் பதற்றத்தில் யாராவது பயந்துபோய் மெயிலை அழித்துவிடுவார்கள், அதை மட்டும் செய்யவிடாதீர்கள், போலீஸுக்கும் வங்கிக்கும் அந்த மெயில் அப்படியே வேண்டும்.